ஏழு மாத இரட்டைக் குழந்தைகளுக்கு ஹாலோவீன் வேஷம்: தூக்கமும் கெடாம, துணியும் குத்தாம எப்படி?

பெரம்பூர்_ரெட்டை (கேள்வி)

அக்டோபர் 31 சாயங்காலம் ஆறரைக்கு எங்க அடுக்குமாடி ஹாலில் ஹாலோவீன் வெச்சிருக்காங்க. கைக்குழந்தைகளுக்கும் வேஷம் உண்டாம், மேடையில ஏத்திக் காட்டணுமாம். எனக்கு இரட்டை. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. அன்னைக்கு ஏழு மாசம். 35ஆவது வாரத்துலயே பிறந்தவங்க, அந்தக் குறைமாசத்தைக் கழிச்சா ஆறு மாசம்கூட முழுசா ஆகியிருக்காது. பையன் 7.4 கிலோ, பொண்ணு 6.3. ரெண்டும் குப்புற விழுது. எது கையில கிடைச்சாலும் நேரா வாய்க்குத்தான். பையன் தலகாணி முட்டுக் கொடுத்தா உட்காருவான், பொண்ணு இன்னும் சாய்ஞ்சுடுவா.

ராத்திரி ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலஞ்சு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கைவேலைக்குக் கிடைச்சாலே பெரிசு. கைத்தையல் தெரியும், மெஷின் இல்லை. தெருமுனையில ஒரு டெய்லர் இருக்கார். என்ன துணி, எவ்வளவு, எங்க வாங்கறது, எதைப் போடவே கூடாது, எத்தனை மணிக்கு எதைச் செய்யணும்? 'அழகா இருக்கும்'னு மட்டும் சொல்லிட்டுப் போகாம செய்முறையாச் சொல்லுங்க.


ஊசிநூல் (கொடுங்கையூர்)

டெய்லர்கிட்ட இன்னைக்கே போயிடுங்க. தீபாவளி நெருங்கினா புது ஆர்டர் எடுக்க மாட்டாங்க. எடுத்தாலும் குழந்தைத் துணி வரிசையில கடைசிதான்.

துணி: பனியன் துணி, முழுப் பருத்தி, 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். பாலியஸ்டர் கலந்ததை 'இதுவும் பனியன்தான்'னு கொடுப்பாங்க. ஓரத்துல ஒரு நூலை உருவி எரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலா உதிரும். கலப்படம் உருகி முத்து மாதிரி உருண்டு நிற்கும். இந்தத் துணியைப் பல கடைகள்ல எடை போட்டுத்தான் விப்பாங்க, அதனால கணக்கைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க: 60 இஞ்ச் அகலத்துல ஒரு மீட்டர் சுமார் 275 கிராம் வரும்.

இரட்டைக்கு ரொம்பச் சுலபமான வேஷம் பரங்கிக்காய். கையில்லாத, கீழே கொஞ்சம் அகலமான மேல்சட்டை, உள்ளே வழக்கமான ஜப்லா, அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கு முன்பக்கம் ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு, ஒவ்வொண்ணும் அடியில 34 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம். 60 இஞ்ச்னா 152 செ.மீ. அதுல நாலு பலகையும் பக்கத்துல பக்கத்துல அடங்கிடும், அதனால ரெண்டு பேருக்குமே ஆரஞ்சுத் துணி அரை மீட்டர் போதும். துவைச்சா சுருங்கும், 60 செ.மீ.யா வாங்கிக்கோங்க. கறுப்பு கால் மீட்டர், பச்சை ஒரு கைக்குட்டை அளவு. இதுக்காகக் கோடவுன் தெருவுக்கெல்லாம் போக வேண்டாம், அங்கே மொத்த வியாபாரம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கட்பீஸா கிடைக்கும். ஆனா தீபாவளிக் கூட்டத்துல குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போகாதீங்க. வீட்டுல வேற யாரையாவது காலையில கடை திறந்ததும் அனுப்புங்க.

வாங்கினதும் வெட்டிடக் கூடாது. வெந்நீர்ல ஒரு தடவை அலசிக் காய வெச்சு, அப்புறம் ஈரமான வெள்ளைத் துணியால ஆரஞ்சையும் கறுப்பையும் அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா அந்தத் துணி வேண்டாம். இந்த வயசுல சட்டையோட கழுத்துப் பக்கம் பாதி நேரம் வாய்க்குள்ளதான் இருக்கும்.

அளவை ரெண்டு பேருக்கும் தனித்தனியா எடுங்க. ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம் இருக்கறதால ஒரே அளவு சரிப்படாது. இப்ப சரியா இருக்கற ஜப்லாவைத் துணி மேல விரிச்சு, ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச், அடியில ஒன்றரை இஞ்ச் தள்ளி வரையுங்க. கழுத்தை ரெண்டு தோள்லயும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மடிப்பா வைக்கச் சொல்லுங்க. டயப்பர் தாண்டி முதுகு வரைக்கும் போயிட்டா சட்டையைத் தலை வழியா உருவாம, தோள்லயிருந்து கீழே இறக்கிக் கழட்டிடலாம். இடுப்புக்குக் கீழே மூணு பிரஸ் பட்டன். முதுகுல ஜிப் வைக்கவே வேண்டாம், டயப்பர் மாத்த ஒவ்வொரு தடவையும் முழுசா உரிக்க வேண்டி வரும்.

பரங்கி முகத்துக்குக் கறுப்புத் துணியில நாலு செ.மீ. முக்கோணம் ரெண்டு கண், 12க்கு 4ல பல்லு வெச்ச வாய். பனியன் துணி ஓரம் பிரியாது, மடிச்சுத் தைக்கத் தேவையில்லை. துணி பெயின்ட் போட்டா காஞ்சதும் விறைச்சு, இழுக்கறப்போ வெடிச்சு, அந்தச் செதில் வாய்க்குப் போகும். சமிக்கி, ஜரிகை, ஒட்டுக்கல், பசையில ஒட்டின ஃபெல்ட் எதுவுமே வேண்டாம்.

கடைசியா, கடையில விக்கற மாதிரி உள்ளே பஞ்சு அடைச்சு உருண்டையாக்காதீங்க. அந்த உருண்டையில குழந்தையோட இடுப்பு எங்கன்னு கைக்குத் தெரியாது, தூக்கறப்போ வழுக்கும். சாய்ஞ்சு உட்கார வெச்சா பஞ்சு மேலேறி வாயை முட்டும். உருண்டை மாதிரி தெரியணும்னா அடர் ஆரஞ்சு நூல்ல கழுத்துலயிருந்து அடி வரைக்கும் அஞ்சு வளைஞ்ச கோடு தையல் விட்டாலே கண்ணு நம்பிடும்.


வார்டு_நர்ஸ்

துணி பத்தி மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேண்டாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் கேரம் போர்டு இருந்தால் ஒரு காயினை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 3 செ.மீ.க்குச் சற்று மேல். சின்னக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் குழாயின் விட்டமும் கிட்டத்தட்ட அதேதான், 3.17 செ.மீ. காயினைவிடச் சிறிய அலங்காரப் பட்டன், மணி, குஞ்சம், பூ எதுவும் வேஷத்தில் இருக்கக் கூடாது. பெரியதாக இருந்தாலும் பிய்ந்து வருமா என்று நீங்களே பல்லால் கடித்து இழுத்துப் பாருங்கள். கையில் ஏற்கெனவே இருக்கும் வசம்பு வளையலையும் அன்றைக்குப் பாருங்கள். ஊறி மெதுவான வசம்பு துண்டாக உடையும்.

மின்னும் கிரீடம், மினுக்கு லைட் வைத்த தலைப்பட்டை, பேட்டரி மெழுகுவத்தி, இவற்றில் இருப்பது காசு வடிவ பேட்டரி. விழுங்கி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்திலேயே ஆழமாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், சாப்பிடக் கொடுத்துப் பார்க்காமல், நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். உங்கள் குழந்தைகள் போடாவிட்டாலும் பக்கத்துக் குழந்தையின் மந்திரக்கோல் உடைந்து தரையில் விழலாம். ஹாலில் தரையில் விடாதீர்கள்.

கழுத்தைச் சுற்றிக் கயிறு, நாடா, மாலை, கட்டும் மேலங்கி எதுவும் கூடாது. தொப்பிக்கும் தாடை நாடா வேண்டாம். முகமூடி பேச்சுக்கே இடமில்லை. முகத்தில் சாயமும் வேண்டாம், மீசை வரைய மையும் வேண்டாம். கண் மையிலும் மலிவான குங்குமத்திலும் ஈயம் கலந்திருப்பது பல முறை சோதனைகளில் வந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டில் செய்த கறுப்பை உள்ளங்காலில், சாக்ஸ் போடும் காலில் வையுங்கள்.

சாக்ஸ், கையுறையை உள்பக்கம் வெளியே திருப்பி, தொங்கும் நூலை எல்லாம் ஒட்ட வெட்டுங்கள். தலைமுடியும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவம் முடிந்து அம்மாவுக்கு முடி கொட்டுகிற காலம் இது. ஒரு முடி கால் விரலில் சுற்றி இறுகினால் விரல் வீங்கி, முடி சதைக்குள் புதைந்து வெளியே தெரியாமல் போகும். காரணமே தெரியாமல் விடாது அழுதால் முதலில் விரல்களைப் பிரித்துப் பாருங்கள்.

சூடு: அக்டோபர் கடைசியில் மழைக்காலம் தொடங்கியிருந்தாலும் ஈரப்பதத்தில் வியர்வை காயாது. கை, கால் சில்லென்று இருப்பதை நம்ப வேண்டாம். பிடரியில் கை வையுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். வேஷத்தோடு தூங்க விடாதீர்கள், தூளியிலும் கூடாது.

கொசு கடிக்கும் நேரம் அது. ஜப்லாவோடு முழுக்கால் மெல்லிய பேன்ட் போடுங்கள். சட்டையில் ஒட்டும் கொசு ஸ்டிக்கர் வாய்க்குத்தான் போகும். யாராவது 'கொஞ்சம் நாக்குல வெச்சு விடறேன்' என்று இனிப்போ தேனோ கொண்டு வருவார்கள். ஒரு வயது முடியும்வரை தேன் கிடையாது, ஒரு சொட்டுகூட. கைக்குழந்தைகளுக்கு வரும் பாட்டுலிசம் என்ற நரம்பு நோய்க்கு அது காரணமாகலாம்.


ஷாப்பிங்_சுந்தரி

இவ்வளவு எதுக்கு? காசிச் செட்டித் தெருவுல ரெடிமேடா நெட் கவுன், இறக்கை, தலைப்பட்டை எல்லாம் செட்டாவே தொங்குது. ஹைகோர்ட் மெட்ரோல இறங்கி நடந்தே போயிடலாம். ஒரு நாள் கூத்துக்குத் துணி அலசி, எரிச்சுப் பார்த்து... தூங்காத அம்மாவுக்கு இது தேவையா?


ஊசிநூல் (கொடுங்கையூர்)

தூங்காத அம்மாவுக்கு வேலை குறையணும்ங்கறது நியாயம்தான். ஆனா நெட் துணியில குழந்தை விரலை நுழைச்சு இழுக்கும், அது மாட்டிக்கிட்டா அழுகை அடங்காது. இடுப்பு எலாஸ்டிக் அரைஞாண் கயிறு மேலயே உட்கார்ந்து தடம் பதிக்கும். அதைவிட, நெட்ல தீப்பொறி பட்டா ஒரு நொடியில உருகித் தோல்ல ஒட்டிக்கும். ஹாலோவீன் எப்பவும் தீபாவளிக்குப் பக்கத்துலதான் வரும், 2024ல ரெண்டும் ஒரே நாள். மாடியில புஸ்வாணம், வாசல்ல அகல் எரியற நேரம் அது. ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா உள்ளே பருத்தி ஜப்லா, பேன்ட் போட்டு, போட்டோவுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம் மாட்டிக் கழட்டிடுங்க. இறக்கைக்குள்ள கம்பி இருந்தா அதுகூட வேண்டாம்.


ரெட்டைக்கணக்கு (வியாசர்பாடி)

பெரம்பூர் சிஸ்டர், துணி பாதிதான். மீதி நேரம். போட்டோவையும் ஃபங்ஷனையும் பிரிச்சுடுங்க, அதுலயே பாதி சண்டை ஓய்ஞ்சுடும். சாயங்காலம் அழுதுக்கிட்டே போற குழந்தையை வெச்சு நல்ல போட்டோ எடுக்க முடியாது. காலையில முதல் தூக்கம் முடிச்சுப் பால் குடிச்சு, ஒன்பதரை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்துல போட்டோ. சாயங்காலம் போறது தலையைக் காட்டிட்டு வர மட்டும்.

குறைமாசம் கழிச்ச கணக்குக்கு ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல முழிச்சிருக்க விடாதீங்க. அதுலயிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்க. 7.00க்குக் கடைசிப் பால், 7.15க்குத் தூக்கம்னா, கடைசிப் பகல் தூக்கம் 4.45க்கு முடியணும். நாலு மணிக்குப் படுக்க வெச்சுடுங்க. ஒண்ணு எழுந்து கால் மணி நேரத்துல மத்ததையும் மெல்ல எழுப்புங்க, இல்லேன்னா ரெண்டு பேரோட கணக்கும் அன்னைக்கு முழுக்க ஒத்துப்போகாது. 5.00க்குப் பால். ஏப்பம் விட்டு இருபது நிமிஷமாவது நிமிர்த்தி வைங்க, உடனே சட்டை மாத்திப் படுக்கப் போட்டா புது வேஷத்து மேலயே கக்கும். 5.50க்குப் புது டயப்பர், ஆறு மணிக்கு ஜப்லா. வேஷம் போட்டுட்டு வீட்டுலயே அரை மணி காத்திருந்தா அந்த அரை மணியிலேயே எல்லாம் நனைஞ்சுடும், அதனால 6.20க்கு முன்னாடி மேல்சட்டை கூடாது, ஜப்லா மட்டும்.

சட்டை மாத்தினா அலட்டிக்காத குழந்தைக்கு முதல்ல போடுங்க. துணியைப் பார்த்தாலே கத்தறதுக்குக் கடைசியா. கழட்டறப்போ அப்படியே மாத்தி, கத்தற குழந்தைக்கு முதல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர்னு ரெண்டு பெரியவங்க கண்டிப்பா வேணும். இன்னொரு கை கிடைக்கலைன்னா போகாதீங்க. நானே ரெண்டையும் தூக்கிக்கறேன்னு நீள கவுன் போட்டுக்கிட்டு மாடிப்படி இறங்கறதுலதான் ஆபத்து.

அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட இப்பவே சொல்லி வைங்க: கைக்குழந்தை வரிசை முதல்ல, 6.40க்குள்ள. ஸ்பீக்கர், புகை மிஷின் பக்கம் நிற்க வேண்டாம். கை நீட்டுற தூரத்துல இருக்கறவங்ககிட்டக் கத்திப் பேச வேண்டியிருந்தா அந்தச் சத்தம் குழந்தைக் காதுக்கு ஜாஸ்தி. 6.55க்கு யார் கூப்பிட்டாலும் கிளம்பிடுங்க. பையில ஆளுக்கு ஒரு ஜப்லா, ரெண்டு டயப்பர், எச்சில் துணி நாலு, நனைஞ்சதைப் போட ஒரு கவர். கரன்ட் போய் லிஃப்ட் நின்னா என்ன பண்றதுன்னும் யோசிச்சு வைங்க.

இந்த வயசுலதான் புது முகத்தைப் பார்த்து மிரளவும் ஆரம்பிப்பாங்க. முகமூடி போட்ட மாமா கிட்ட வந்தா கத்துவாங்க. அது பிடிவாதம் இல்ல. திரும்பித் தோள்ல போட்டுக்கோங்க.


பெரம்பூர்_ரெட்டை

ரொம்ப உதவியா இருக்கு. இன்னும் நாலு கேள்வி. ஒண்ணு, மாமியார் பேய், எலும்புக்கூடு எல்லாம் பச்சைக் குழந்தைக்குப் போடவே கூடாதுன்னு சொல்றாங்க. ரெண்டு, வீட்டுக்காரர் வௌவால் வேஷம்தான் வேணும்ங்கறார். மூணு, ஒருத்தரை நெஞ்சுல கட்டுற கேரியர்ல வெச்சுத்தான் கொண்டு போவேன், அப்போ வேஷமே தெரியாதே? நாலு, டெய்லர் பனியன் துணிக்குத் தனி ஊசி இல்லைங்கறார்.


காசிமேடு_கடலை

உங்க மாமியார் சொல்றதுல தப்பே இல்லங்க. இன்னா கட்டாயம், பேய் வேஷம் போட்டாத்தான் ஹாலோவீனா? இது நவம்பர் 1 சகல புனிதர் திருநாளுக்கு முந்தின ராத்திரி, அந்தப் பேர்லயிருந்துதான் ஹாலோவீன்னே ஆச்சு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்னிக்கு காசிமேட்டுக் கல்லறையில பூவும் மெழுகுவத்தியுமா ஜனம் நிக்கும், நம்ம பக்கத்துக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. அயர்லாந்துல மொதல்ல டர்னிப் கிழங்கைத்தான் கொடைஞ்சாங்களாம், அமெரிக்கா போன பொறவுதான் பரங்கிக்காய். வாசல்ல பூதம் வரைஞ்ச திருஷ்டிப் பூசணி தொங்குற ஊருக்கு இதையெல்லாம் யாரும் கத்துத் தர வேணாம். மாமியார்கிட்ட 'திருஷ்டிப் பூசணி'ன்னு சொல்லுங்க, அவங்களே தையல் போட்டுக் குடுப்பாங்க.

ரெட்டைக்கு ஏத்த வேஷம்னா ஜோடியாப் பார்த்தாத்தான் அர்த்தம் புரியணும். வடசென்னைக்குன்னா எனக்கு ரெண்டு தோணுது.

கேரம். ஒண்ணு வெள்ளைக் காயின், ஒண்ணு கறுப்புக் காயின். வெள்ளை ஜப்லா ஒண்ணு, கறுப்பு ஜப்லா ஒண்ணு இருந்தா வேலை முடிஞ்சது. நெஞ்சுல 14 செ.மீ. வட்டம், உள்ளே 9 செ.மீ. வளையம், வெள்ளை மேல கறுப்பு, கறுப்பு மேல வெள்ளை. அம்மா சிவப்புப் புடவை கட்டினா ராணி. 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகப் போட்டியில மூணு தங்கம் வாங்குன காசிமா நம்ம வடசென்னைப் பொண்ணு, அதனால மேடையில ஒரு வார்த்தை விளக்கமும் வேணாம். நெஜக் காயினை மட்டும் கையில குடுக்காதீங்க, நர்ஸ் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்.

இல்லாட்டி பாக்ஸிங். செவப்பு மூலை, நீல மூலை. செவப்பு ஜப்லா, நீல ஜப்லா, ரெண்டுலயும் இடுப்புல நாலு செ.மீ. வெள்ளைப் பட்டை. கிளவுஸைக் கையில மாட்டாதீங்க, வாய்ல கை வெக்க முடியலன்னா ரெண்டு நிமிஷத்துல ரவுண்டு முடிஞ்சிரும். நெஞ்சுல ஜோடி கிளவுஸ் தொங்குற மாதிரி துணியில வெட்டித் தைங்க. எடை வித்தியாசமும் இதுல பொருந்திப் போச்சு பாருங்க, யார் எந்த வெயிட்னு அட்டையில எழுதி அப்பா பிடிச்சுக்கலாம்.


ஊசிநூல் (கொடுங்கையூர்)

நல்ல யோசனை, கேரம் வேஷத்துக்கு டெய்லரே வேண்டாம். இருக்கற ஜப்லா மேல வட்டத்தைக் கையாலயே தைச்சுடலாம். தட்டை வெச்சு வட்டம் வரைஞ்சு வெட்டி, நடுவுல நாலு பெரிய தையல் போட்டு நிறுத்திட்டு, ஓரத்தைச் சுத்தி 3 மி.மீ. இடைவெளியில காஜா தையல் போடுங்க. நூலை இறுக்கக் கூடாது, துணி இழுபடறப்போ தையலும் கூடவே இழுபடணும், இல்லேன்னா முதல் தடவை போடறப்பவே 'டப்'னு அறுந்துடும். முடிச்சு வட்டத்துக்கு அடியில ஒளியட்டும், உடம்புப் பக்கம் வந்தா நெஞ்சுல உறுத்தும். ஒரு வட்டத்துக்கு இருபது நிமிஷம். ரெண்டு நாள் ராத்திரிக்குப் பிரிச்சுக்கோங்க.

டெய்லர் ஊசி: சாதா ஊசி பனியன் துணியில இழையைக் கிழிச்சுக்கிட்டு இறங்கும், தையல் விட்டு விட்டு விழும், துவைச்சதும் அந்த இடத்துல பொத்தல் தெரியும். முனை மழுங்கின பால்பாயின்ட் ஊசி, 11ஆம் நம்பர், நீங்களே ஒண்ணு வாங்கிக் கொடுத்துடுங்க. தையல் மெஷின் உதிரி சாமான் கடையில கிடைக்கும். நேர்த்தையல் வேண்டாம், குறுகின சிக்ஸாக்.

வௌவால்: கறுப்பு ஜப்லாவோட கை மணிக்கட்டுலயிருந்து இடுப்பு வரைக்கும் முக்கோணமா ஒரு துணி, கீழ் ஓரம் மூணு வளைவா வெட்டினது. பார்க்க அசத்தலா இருக்கும். ஆனா குப்புற விழற குழந்தை தன் இறக்கை மேலயே படுத்துக்கிட்டுக் கையை எடுக்க முடியாம மாட்டிக்கும். அதனால இறக்கையைச் சட்டையில தைக்காதீங்க. கறுப்புத் துப்பட்டாவைத் தரையில இறக்கை மாதிரி மடிச்சு விரிச்சு, அது மேல குழந்தையைப் படுக்க வெச்சுப் போட்டோ எடுத்துட்டா வீட்டுக்காரர் ஆசையும் தீர்ந்துடும்.

கேரியர்ல முன்பக்கம் உங்க நெஞ்சோட ஒட்டிடும், வெளியே தெரியறது முதுகு மட்டும்தான், அதுவும் கேரியர் துணிக்கு அடியில. தோள்ல போட்டாலும் ஜனம் பார்க்கறது முதுகைத்தான். அதனால ரெண்டு குழந்தைக்குமே வட்டத்தை முதுகுலயும் ஒண்ணு தைங்க. கேரியருக்குன்னு இன்னொரு பெரிய வட்டம், 20 செ.மீ., ரெண்டு பக்கமும் துணிப்பட்டை வெச்சு கேரியரைச் சுத்தி உங்க முதுகுல கட்டற மாதிரி. ஊக்கு குத்த வேண்டாம்.


வார்டு_நர்ஸ்

கேரியரில் வைத்தால் வேஷத்தின் மேல்சட்டையைப் போடாதீர்கள், வெறும் ஜப்லா போதும். உங்கள் இருவர் உடம்புச் சூடும் சேரும். நடுவில் துணி மடிந்தால் பட்டையும் தளர்ந்துவிடும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தில் துப்பட்டாவால் தலையை மூடிவிடும் பழக்கம் இங்கே நிறைய, அதைச் செய்யாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த, கழுத்து இன்னும் முழுசாக நிலைக்காத குழந்தைக்கு இது மிகவும் முக்கியம்.

வீட்டில் யாருக்காவது, அல்லது ஹாலில் பக்கத்தில் நிற்பவருக்கு இருமல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். மழைக்காலத்தில் பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியாக இருப்பது இந்த வயதில் மூச்சிரைப்பாக மாறலாம்.


மாடிவெளிச்சம் (ராயபுரம்)

போட்டோவுக்கு ஒரு குறிப்பு. உட்காராத குழந்தையைச் சோபாவுலயோ முறத்துலயோ முட்டுக் கொடுத்து நிறுத்த முயற்சிக்க வேண்டாம். தரையிலதான் எடுக்கணும். கேரம் வேஷம்னா ஒரு மீட்டர் சதுரத்துக்கு வெளிர் மஞ்சள் பெட்ஷீட்டை மடிச்சு விரிங்க. நாலு மூலையிலயும் கறுப்புத் துணி வட்டம் பாக்கெட் மாதிரி, சுத்திலும் கறுப்பு ரிப்பனால கோடு. குழந்தைங்க வர்றதுக்கு முன்னாடியே ரிப்பனை பெட்ஷீட்டோட தைச்சுடுங்க, தனியா விட்டா கைக்கு வரும். ரெண்டு பேரையும் நடுவுல எதிரெதிரா, தலை தலையோட கிட்டத்தட்டத் தொடற மாதிரி மல்லாத்திப் படுக்க வைங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணு மத்ததோட கண்ணுல விரல் விடும்.

ஜன்னல் பக்கவாட்டுல இருக்கட்டும், டியூப் லைட்டை அணைச்சுடுங்க, ரெண்டு வெளிச்சமும் கலந்தா வெள்ளைச் சட்டை பச்சையாத் தெரியும். மேலேயிருந்து எடுக்கறப்போ போன் கைதவறி முகத்துல விழக்கூடாது. பட்டை மாட்டி மணிக்கட்டுல போட்டுக்கோங்க, குனியாம நின்னபடியே எடுத்து அப்புறம் வெட்டிக்கலாம். ரெண்டும் ஒரே நேரத்துல நிமிர்ந்து பார்க்கறது அரை நொடிதான். பட்டனை அழுத்திப் பிடிச்சு இருபது முப்பது படம் தொடர்ந்து எடுங்க. உங்க தலைக்கு மேல ஒருத்தர் கிலுகிலுப்பை ஆட்டணும், பக்கத்துல நின்னு ஆட்டினா ரெண்டு கண்ணும் ஓரமாப் போயிடும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல முயற்சி பண்ணாதீங்க.


பெரம்பூர்_ரெட்டை

கேரம்தான். கறுப்பு வெள்ளை ஜப்லா ரெண்டும் வீட்டுலயே இருக்கு. மாமியார் தட்டு வெச்சு வட்டம் வரைய ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியா ஒண்ணு: கறுப்புச் சட்டையில பால் கக்கினா அப்படியே தெரியுமே?


ஊசிநூல் (கொடுங்கையூர்)

தெரியும். அதனால கக்கற குழந்தைக்கு வெள்ளை, கக்காததுக்குக் கறுப்பு. ரெண்டும் கக்கும்னா எச்சில் துணியை அதே கறுப்புப் பனியன் துணியில வெட்டி, முன்பக்கம் சின்னதா வளையம் தைச்சுடுங்க. மேடைக்குப் போற வரைக்கும் அது நெஞ்சுல இருக்கட்டும். கழுத்துக்குப் பின்னாடி நாடா வேண்டாம், பக்கவாட்டுல ஒரு பிரஸ் பட்டன், இழுத்தா தானே கழலற மாதிரி. ஹாலோவீன் முடிஞ்சதும் கறுப்பையும் வெள்ளையையும் ஒண்ணா ஊற வெச்சுடாதீங்க. வட்டத்தைப் பிரிக்கறப்போ நூலை முன்பக்கம் வெட்டி, பின்பக்கம் உருவுங்க, துணி கிழியாது. ஜப்லாவைத் தினப்படிக்கே போட்டுக்கலாம்.